கெத்தின் வீட்டுக் காகிதங்கள்

மாடியில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

நெஸ்தா அடுப்பின் இரும்புக் கதவைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள். மரக்கால் தரையில் உரசும் சத்தம் முதலில். பிறகு, களைத்த உடம்பொன்று மெல்ல இறங்கும்போது பலகை விடும் முனகல். அதன்பின் ஒன்றுமில்லை. கூரையிலிருந்து கொஞ்சம் தூசு விளக்கொளியில் சுழன்று இறங்கியது. வீட்டில் இருந்தது மூன்றே பேர், மூவரும் இந்தச் சமையலறையில்தான்: அவள், அடுப்போரம் இரண்டு கம்பளிகளுக்குள் சுருண்டிருந்த மாமனார் மெய்ரிக் கெத்தின், சுவரோர இரும்புக் கட்டிலில் நெஞ்சு கரகரக்க மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஆறு வயது மாலி. அதோடு, மாடியில் நாற்காலி என்று ஒன்று கிடையவே கிடையாது. எல்லாவற்றையும் போன வாரமே உடைத்து எரித்தாகிவிட்டது.

"என்னத்தம்மா எரிச்ச?" என்றார் கிழவர், கண்ணைத் திறக்காமலே.

"பழைய செய்தித்தாள், மாமா."

"செய்தித்தாளா?"

"ஆமா."

அவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அது நாற்பத்தேழாம் வருடத்துப் பனி. வேல்ஸ் மலைகளில் ஜனவரிக் கடைசியில் விழத் தொடங்கியது, நிற்கவே இல்லை. கீழ்த்தள ஜன்னல்கள் முழுக்க மூடிப்போய், பகலெல்லாம் வீட்டுக்குள் குளத்தின் அடியில் இருப்பதுபோல ஒரு நீல வெளிச்சம்; மதியம் சாய்வதற்குள் அதுவும் அணைந்துவிடும். நிலக்கரி வண்டி அடிவாரத்திலேயே புதைந்துபோனது. விறகுக் கொட்டகை எந்தப் பக்கம் இருந்தது என்றே தெரியவில்லை. ஒரு காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் பிளாஸ் கெத்தின் என்ற இந்த மாளிகைக்குச் சொந்தம். குத்தகைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் வாசலைக் கடப்பார்கள். இப்போது அந்த ஜமீன் வீட்டில் கோடரிக்கு மசிந்த மரமெல்லாம் சாம்பலாகிவிட்டது. கோழிக்கூடு போனது. மாடிப்படியின் கைப்பிடி போனது. நூலகத்துப் புத்தகங்கள் போருக்கு முன்பே ஏலத்தில் போயிருந்தன. தரைப்பலகையைப் பெயர்க்கப் பார்த்தாள். கல்லாய் இறுகிய பழைய ஓக் மரம், கோடரியின் காம்புதான் பிளந்தது.

மிச்சமிருந்தது காகித அறை.

நடைக்கூடத்தின் கடைசியில் இருந்தது அது. முந்நூறு வருடத்துக் கெத்தின்கள் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஆளுக்கொரு தட்டாக அடுக்கி, நாடா கட்டி, பெயர் எழுதி வைக்கப்பட்டிருந்தன. வீடு கைமாறப்போகிறது என்று ஆனதும் கிழவர் அவற்றை நகரத்துப் பொது நூலகத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார். வண்டி வரவேண்டிய வாரத்தில் பனி முந்திக்கொண்டது.

காலையில் மாலியின் உதடு நீலம் பாரித்திருப்பதைக் கண்டபோது நெஸ்தா எதையும் யோசிக்கவில்லை. கைக்கு எட்டிய முதல் கட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தாள். காத்ரின் கெத்தின் என்று பெயர். யாரோ ஒரு விதவை, இருநூறு வருடத்துக்கு முன் லண்டனிலிருந்த மகனுக்கு எழுதியவை. கயிற்றால் இறுக்கிக் கட்டிப் போட்டால் விறகுபோல நின்று எரிகின்றன என்று கண்டுகொண்டாள். தீயில் சுருளும் ஒரு தாளில் மட்டும் ஒரு வரி அவள் கண்ணில் பட்டது: கால் விறைக்கிறது மகனே, போர்வைக்குள்ளும் விறைக்கிறது.

மறுநாளும் போட்டாள். அதற்கடுத்த நாளும்.

வீடு நிறைந்துகொண்டே வந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கட்டு எரிந்து அடங்கியதும் நடைக்கூடத்தில் புகையிலை மணம் வந்து நின்றது, இன்னொரு கட்டுக்குப் பிறகு ஈரக் கம்பளியும் குதிரை வியர்வையும் கலந்த வாடை. மாடியில் கேட்ட காலடிகள் ஒவ்வொன்றாகப் படியிறங்கி, கைப்பிடி இல்லாத இடத்தில் தயங்கி, சுவரைத் தடவிக்கொண்டு சூட்டைத் தேடிச் சமையலறைக்கு வந்தன. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அடுப்பிலிருந்து தண்ணீர்க் குடத்துக்கு நடக்கும்போது அவள் தன்னையறியாமல் சுற்றிப் போனாள், ஆட்கள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் அறையில் நடப்பதுபோல.

"அம்மா," என்றாள் மாலி. காய்ச்சலில் கன்னம் சிவந்திருந்தது. "அந்தப் பாட்டிக்குக் கால் குளிருதாம். என் போர்வைக்குள்ள வெச்சுக்கட்டும்னு சொல்லிட்டேன்."

நெஸ்தா கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தாள். மாலியின் கால்கள் சின்னவை, பாதிக் கட்டிலோடு முடிந்துவிடும். அதற்கும் கீழே போர்வை இரண்டு இடத்தில் மேடு தட்டியிருந்தது.

அவள் போர்வையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அடுப்பைத்தான் பார்த்தாள். தீ தணிந்துகொண்டிருந்தது.

கிட்டோ வந்தது அன்று மத்தியானம். மேட்டுப் பண்ணைக் குத்தகைக்காரன். வேலிகளுக்கு மேலேயே பலகை போட்டு நடந்து, பால் தூக்குச் சட்டியோடு மாடி ஜன்னலுக்கு நேரே வந்து நின்றான். பனி அந்த உயரத்துக்கு ஏறியிருந்தது.

"உங்க வாசக்கதவத் தேடித் தேடி ஓய்ஞ்சுபோனேன் சின்னம்மா," என்று சிரித்தான். மீசையில் பனி உறைந்திருந்தது. "இனிமே ஜமீன் வீட்டுக்கு விருந்தாளி ஜன்னல் வழியாத்தான் வரணும்போல. குட்டிக்கு எப்படி இருக்கு?"

"மூச்சு இழுக்குது கிட்டோ. டாக்டர் வர முடியாதா?"

"அவர் வண்டியே புதைஞ்சு கெடக்கு. என் ஆடு பூரா போச்சு, தெரியுமா? ஒண்ணு மிச்சமில்ல." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தான். "அது கெடக்கட்டும். ஊர்ல நாலு பேரக் கூட்டிட்டு, சறுக்குப் பலகை கட்டி நாளைக்கு வர்றேன். குட்டியத் தூக்கிட்டுப் போயிரலாம். அதுவரைக்கும் சூடு விடாமப் பாத்துக்கங்க. சூடுதான் முக்கியம்."

"நாளைக்குக் கண்டிப்பா வந்துருவியா?"

"வராம? அது சரி, இந்தப் பால் எல்லாருக்கும் பத்தாதே. சொந்தக்காரங்க வந்திருக்காங்கன்னு எனக்கு யாருமே சொல்லல."

"யாரு வந்திருக்கா?"

"இப்பத்தான் பாத்தேனே. இந்த வரிசை ஜன்னல் எல்லாத்துலயும் ஒவ்வொருத்தரா நின்னு பாத்துட்டிருந்தாங்க. கை காட்டினேன். ஒருத்தரும் திருப்பிக் காட்டல. பெரிய இடத்து ஜனம், அப்படித்தான் இருக்கும்."

அவள் பாலை வாங்கிக்கொண்டாள். ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

மறுநாள் அவன் வரவில்லை. விடிகாலையில் எழும்பிய காற்று மலையையே பெயர்த்துக்கொண்டு போவதுபோல அடித்தது. மாடி ஜன்னல்களும் வெள்ளையாகிப்போயின.

அன்றுதான் கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு காகித அறை வரை போனார். அவர் திரும்பி வரும் காலடி கேட்டபோது நெஸ்தா எழுந்து நின்றாள். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றாள்.

"உங்க பேத்தி சாகக் கெடக்கா மாமா. செத்தவங்க எழுதின காகிதம் எனக்குப் பெருசில்ல. திட்டணும்னா திட்டுங்க. நிறுத்த மாட்டேன்."

கிழவர் திட்டவில்லை. அடுப்போரம் உட்கார்ந்தார்.

"எங்கப்பா சொல்லுவாரு," என்றார். "மாதா கோயில் கல்லறைல நம்ம ஆளுங்களோட எலும்புதான் இருக்கு, மத்ததெல்லாம் அந்த அறைலதான்னு. அவங்கவங்க எழுதினதுக்குள்ள அவங்கவங்க. நான் ஏதோ பேச்சுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். அதையும் எரிச்சுட்டா அவங்க எங்கம்மா போவாங்க?"

"எனக்கு அது தெரியாது. அடுப்புக்கு என்ன போடறது, அத மட்டும் சொல்லுங்க."

அவர் மாலியைப் பார்த்தார். அவள் மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தடவையும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. கிழவரின் தாடை அசைந்தது.

"சரி," என்றார். "ஆனா கண்ண மூடிட்டு அள்ளாத. நான் படிச்சுச் சொல்றேன். நல்லவங்களாப் பாத்து எரிப்போம்."

அப்படித்தான் ஆரம்பித்தது அது. மாமனாரும் மருமகளும் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, யாரை வீட்டுக்குள் விடலாம் என்று தீர்மானித்தார்கள். "இந்த எலிஸ் ஒரு அப்பாவி. நாய்களப் பத்தியே எழுதியிருக்கான். போடு." போட்டாள். நகங்கள் கல்தரையில் கிறீச்சிட ஏதோ வந்து அடுப்பு முன் சுருண்டது. "மார்கரெட் அத்தை. வாய் நீளம். ஆனா மனசு தங்கம்." போட்டாள். ஒரு பெருமூச்சு, பாவாடைச் சரசரப்பு. கிழவர் ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தார். அறை சூடாக இருந்தது. மாலி இரண்டு வாய் பால் குடித்தாள். சுவரோரங்களில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் நெருக்கியடித்து உட்கார்ந்து, குழந்தை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நெஸ்தாவுக்குத் தோன்றியது. அவர்களிடம் அவளுக்குப் பயமில்லாமல்கூடப் போயிற்று.

ஆனால் எந்தக் குடும்பத்திலும் நல்லவர்கள் கொஞ்சம்தான். காற்று ஓயவில்லை. தட்டுகள் காலியாகிக்கொண்டே வந்தன. சுமாரானவர்கள் எரிந்தார்கள். பிறகு கோபக்காரர்கள், நடைக்கூடத்துக் கதவுகள் படார் படாரென்று அடித்துக்கொண்டன. பிறகு, பெண்டாட்டியை மாடி அறையில் பூட்டி வைத்த ஒருவர். அவர் வந்ததிலிருந்து எங்கோ சாவிக்கொத்து குலுங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் காகித அறையில் ஒரே ஒரு பெட்டி நின்றது. இரும்புப் பட்டை போட்ட பெட்டி. நெஸ்தா அதை இழுத்துக்கொண்டு வந்து திறந்தபோது உள்ளே தடித் தடியாகத் தோல் அட்டை போட்ட நாட்குறிப்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக. விடிய விடிய எரியும்.

"இது வேண்டாம்," என்றார் கிழவர்.

"யாரு?"

"ரிஷார்ட் கெத்தின். எங்க தாத்தாவுக்குத் தாத்தா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குத்தகைக்காரங்க வீட்ல ஒரு பிள்ளைக்கு மார்ச்சளின்னா முதல் ஆளாப் போய் நிப்பாராம். கட்டில் பக்கத்துலயே இருப்பாராம், பெத்தவங்களத் தூங்கச் சொல்லிட்டு. ஊரே தெய்வம்னு கும்பிட்டுச்சு. இதப் படிச்சாத்தான் தெரியும். ஒவ்வொரு பிள்ளை செத்த மறுநாளும் ஒரே வரி எழுதியிருக்காரு: 'இன்று எனக்கு மூச்சு மிக இலகுவாக இருக்கிறது.' எத்தன பிள்ளைங்கம்மா... தொண்ணூறு தாண்டி வாழ்ந்தாரு மனுஷன். எழுபது வயசுக்கு மேலயும் குதிரை ஏறினாரு. மூடு. பெட்டிய மூடு."

அவள் மூடினாள். பிறகு தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

அடியில் துணிக்குள் சுற்றி வைத்திருந்தாள். இத்ரிஸின் கடிதங்கள். அவள் கணவன், கிழவரின் ஒரே மகன், வடகடலில் கப்பலோடு மூழ்கிப்போனவன். கிழவர் கையை நீட்டினார், வாங்கிக்கொள்ள அல்ல, தொட்டுப் பார்க்க. தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வரட்டும்," என்றாள் நெஸ்தா. "அவரு வந்துட்டா எனக்கு எதுவும் வேண்டாம்."

ஒவ்வொன்றாகப் போட்டாள். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு காலடி. ஒரு இருமல். அவன் பூட்ஸைக் கழற்றி மூலையில் எறியும் சத்தம். ஏதாவது. கடைசித் தாளும் சிவந்து, கறுத்து, உதிர்ந்தது. கூட்டம்கூட மூச்சடக்கிக் காத்திருந்ததுபோல் இருந்தது. எவ்வளவு தூரத்தில் செத்தானோ. எவ்வளவு ஆழத்தில். யாரும் வரவில்லை. அவள் சாம்பலுக்குள் கையை விட்டுத் துழாவினாள். விரல் வெந்தபோதுதான் எடுத்தாள்.

அடுப்பு அணைந்தது. சமையலறைக்குள் குளிர் எழுந்து நின்றது. தண்ணீர்க் குடத்தின் மேல் பனி ஆடை கட்டியது. மாலியின் கரகரப்பு மெலிந்து, விட்டு விட்டு வர ஆரம்பித்தது. ஒரு மூச்சு. இடைவெளி. இன்னொன்று. முன்னைவிட நீண்ட இடைவெளி. நெஸ்தா குழந்தையின் பாதத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். ஐஸ் கட்டி.

அவள் எழுந்து பெட்டியைத் திறந்தாள்.

"நெஸ்தா."

"செத்துப்போன ஆளு மாமா அவரு. என்ன பண்ணிட முடியும்? நான் நடுவுல உக்காந்துக்கறேன். தாண்டி வரட்டும் பாக்கலாம்."

"அம்மா, வேண்டாம்மா. கிட்டோ வந்துருவான்."

"எப்ப?" என்று கத்தினாள். "அவ அதுவரைக்கும் இருப்பாளா? நீங்க சொல்லுங்க. இருப்பாளா?"

கிழவர் கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டார்.

முதல் நாட்குறிப்பு பற்றிக்கொள்ளவே நேரமானது. பிறகு பற்றியது. இதுவரை எதுவும் எரியாத விதமாக எரிந்தது. சீராக, நீலமாக, புகையே இல்லாமல். அவள் அடுத்ததைப் போட்டாள். அடுத்ததை. அறையின் மூலை முடுக்கெல்லாம் சூடு பரவியது, குடத்தின் ஆடை உருகியது, கல்தரை வெதுவெதுத்தது. நெற்றியில் வியர்வை அரும்ப, மேல்கோட்டைக் கழற்றி எறிந்தாள். பல வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கழற்றினாள்.

அப்போது கூட்டம் எழுந்தது.

சுவரோரமாக, ஒவ்வொருவராக. பாவாடைகள் சரசரத்தன. சாவிக்கொத்து ஒருமுறை குலுங்கி அடங்கியது. நாயின் நகங்கள் அவசர அவசரமாகக் கதவை நோக்கி ஓடின. கட்டிலின் கால்மாட்டில் அந்த இரண்டு மேடுகளும் மெல்லத் தணிந்தன. யாரும் யாரையும் இடிக்காமல், ஓசைப்படாமல், சாவு வீட்டிலிருந்து வெளியேறுவதுபோல வெளியேறினார்கள். கோபக்காரர்களும் போனார்கள். நடைக்கூடத்துக் குளிரில் அவர்களுடைய காலடி தேய்ந்தது.

கதவு திறந்தே இருந்தது.

நெஸ்தா கட்டிலில் ஏறி மாலியை மடியில் போட்டுக்கொண்டாள். இரண்டு கைகளாலும் வளைத்துக்கொண்டாள். கதவைப் பார்த்தாள். காலடி ஏதும் இல்லை. வாடை ஏதும் இல்லை. தீயின் சத்தம் மட்டும்.

பிறகு மாலியின் நெஞ்சில் கரகரப்பு நின்றது.

குனிந்து பார்த்தாள். மார்பு ஏறி இறங்கியது. தடையே இல்லாமல். இழுப்பு இல்லை, கழுத்துக் குழி உள்ளே போகவில்லை. உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. நெஸ்தாவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "மாமா, பாருங்க, மாமா, நல்லா மூச்சு விடறா..."

கிழவர் கம்பளியை விலக்கினார். அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. கட்டிலின் மறுபக்கத்தைப் பார்த்தார். கம்பளியோடு பின்னால் நகர்ந்தார்.

அவள் காதைக் கொடுத்தாள்.

மாலி மூச்சை வெளியே விட்டாள். சுவர்ப்பக்கம், காது மடலுக்கு வெகு அருகே, யாரோ உள்ளே இழுத்தார்கள். மெதுவாக. நிதானமாக. சூடான கஞ்சியை ருசித்து உறிஞ்சுவதுபோல.

மாலி விட்டாள்.

உள்ளே போனது.

நெஸ்தா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. ஆறு வயதுப் பிள்ளை. மரத்தின் வேர்போலக் கனத்தாள். "மாலி. மாலி, கண்ணத் தொறடி." இமை துடித்தது. திறக்கவில்லை.

மேலே கண்ணாடி உடைந்தது. மண்வெட்டிகள். பூட்ஸ் கால்கள், பல, பலகையில் தொம் தொம்மென்று. மனிதக் குரல்கள்.

"சின்னம்மா! பெரியவரே! வந்துட்டோம்!" கிட்டோவின் குரல் படிக்கட்டின் உச்சியிலிருந்து வந்தது. "காத்து விடவே இல்லை, அதான்! குட்டி எப்படி இருக்கா?"

நெஸ்தா கத்த வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது. வயதான குரல். பெரிய இடத்துக் குரல். அன்பாக இருந்தது.

"நிம்மதியாத் தூங்கறாப்பா. எழுப்பிடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான்."

"சரிங்கய்யா," என்றான் கிட்டோ, குரலைத் தாழ்த்தி. மற்றவர்களிடம் ஏதோ சொன்னான். யாரோ நிம்மதியாகச் சிரித்தார்கள். "பூட்ஸ்ல இருக்கற பனியத் தட்டிட்டு மெதுவா வர்றோம். அவசரமில்ல."

தட்டும் சத்தம். ஒருவர் பின் ஒருவராக.

நெஸ்தா உள்ளங்கையால் மகளின் வாயைப் பொத்தினாள். அறை தகித்தது. அந்தச் சூட்டில் நெஸ்தாவின் மூச்சு ஆவியாகத் தெரியவில்லை, கிழவரின் மூச்சு தெரியவில்லை. மாலியின் மூச்சு மட்டும் தெரிந்தது. வெள்ளையாக, நூலாக, அவள் விரலிடுக்கு வழியாகக் கசிந்து, மேலே எழாமல், கலையாமல், குறுக்கே, சுவர்ப்பக்கம், நேர்கோடாக இழுபட்டுப் போய்க்கொண்டே இருந்தது.